ஐந்நூறு ரியல் வகுப்பு

சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சம்பளம் வாங்கும் ஆசிரியர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் தலைமையாசிரியர் கேட்பார், பெற்றோர் கேட்பார்கள், ரொம்பப் போனால் இலாகாவிலிருந்து கடிதமே வரும். தொண்டூழியர் வராமலே போனாலும் "பாவம், வயசானவரு, உடம்புக்கு முடியல போல" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பாடம் தப்பாக நடத்தினால்கூடச் சொல்ல மாட்டார்கள். சும்மா வந்து செய்கிறவரைப் போய் எப்படிக் குறை சொல்வது? இந்தச் சலுகையை நான் கொஞ்ச காலமாகவே சந்தேகத்தோடு பார்த்து வருகிறேன்.

கம்போடியாவில், சியாம் ரீப் மாநிலத்துக் கிராமப் பள்ளியொன்றில் மூன்றாவது வருடமாக அப்படியோர் ஆளாக இருக்கிறேன். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். வருடத்தில் சில மாதங்கள் அங்கே, மீதி ஈப்போவில். ஊருக்கு வரும்போதெல்லாம் என் பழைய மாணவர்கள் ஒட்டுக்கடையில் உட்கார வைத்து இரண்டு கேள்வி கேட்பார்கள். "சார், எவ்வளவு குடுக்கறாங்க?" ஒன்றும் இல்லை என்பேன். "அப்ப ஏன் சார் போறீங்க?"

இரண்டாவது கேள்விக்கு 'சேவை மனப்பான்மை' என்று பதில் சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அது உண்மையில்லை. முதலில், என் இலவசம் இலவசமே அல்ல. மாதா மாதம் ஓய்வூதியம் வருகிறது. அதாவது என் தர்மத்துக்கு மலேசியாவில் வரி கட்டுகிறவர்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்கள். அதைவிட முக்கியமானது, அங்கேயும் எனக்குக் கூலி கிடைக்கிறது. அறுபது வயதில் ஓய்வு பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் நிம்மதி. பிறகு கைப்பேசி அடிப்பது குறையும். வீட்டில் நம் கருத்தைக் கேட்பது குறையும். மூன்றாம் மாதத்தில் குழாய் ரிப்பேர்க்காரர் வருவதே ஒரு நிகழ்ச்சியாகிவிடும். இங்கேயோ காலை ஆறே முக்காலுக்கு என் சைக்கிள் வாசலில் நுழையும்போது வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் போட்ட பிள்ளைகள் இரு கை கூப்பி 'லோக் தா' என்கிறார்கள். தாத்தா என்று மரியாதையாகக் கூப்பிடும் சொல். இதைக் கூலி இல்லை என்று சொன்னால் பொய். நல்ல கூலி. என் கடைசிச் சம்பளத்தைவிட அதிகம்.

அந்தக் கூலியை யார் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சியாம் ரீப்பில் இந்தக் கேள்வி கற்பனையானதல்ல. அங்கோர் கோயில்களைப் பார்க்க வந்த கூட்டத்தோடு, பிள்ளைகளுக்கு உதவ வந்த கூட்டமும் சேர்ந்தே வந்தது. அனாதை இல்லங்கள் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்பதை யுனிசெஃப் போன்ற அமைப்புகள் சுட்டிக்காட்டிய பிறகுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். அனாதைகள் இருந்ததால் மட்டும் இல்லங்கள் வரவில்லை. இரண்டு வாரம் வந்து கட்டியணைக்க ஆட்கள் இருந்ததால் அனாதைகள் தேவைப்பட்டார்கள். நாம் யாருக்கோ தேவைப்பட வேண்டும் என்ற பசி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

என் பள்ளி அப்படிப்பட்ட இடமல்ல, சாதாரண அரசுப் பள்ளி. பல கம்போடியப் பள்ளிகளைப் போல இரண்டு வேளை நடக்கும். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை ஒரு கூட்டம், மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை இன்னொரு கூட்டம். நான் தனியாக வகுப்பு எடுப்பதில்லை. ஓர் இளம் ஆசிரியையின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பின்னம் வரும்போது, அளவை வரும்போது அவர் தலையசைப்பார், நான் எழுந்து போவேன். என் கெமர் மொழிக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எண்களை மட்டும் ஒழுங்காகச் சொல்வேன். கெமரில் ஆறுக்குத் தனிச் சொல் கிடையாது. ஐந்து 'ப்ரம்', ஒன்று 'முவோய்', ஆறு என்றால் 'ப்ரம்முவோய்'. ஏழும் எட்டும் ஒன்பதும் அப்படித்தான், ஐந்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு கை விரல் முடிந்து அடுத்த கைக்குப் போவது சொல்லிலேயே தெரிகிறது. முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு இது அறுபது வயதுக்கு மேல் கிடைத்த புதையல்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கம்போடியாவில் இருக்கிறேன் என்றதும் நம்மவர்களில் சிலர், "அவங்களுக்கு எழுத்தே நாமதானே குடுத்தோம்" என்பார்கள். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது என்பது உண்மை. கி.பி. 611லேயே கெமர் மொழியில் கல்வெட்டு பொறித்துவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆயிரத்து நானூறு வருடமாக எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து இன்னும் 'குடுத்தோம்' என்கிறோம். கொடுத்தவனுக்கு எத்தனை தலைமுறை போனாலும் ஞாபகம் போகாது போலிருக்கிறது.

ஐந்நூறு ரியல் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் சம்பளம் ஒரு குடும்பத்துக்குப் போதாது. அதனால் பள்ளி முடிந்ததும் அதே ஆசிரியர் அதே பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு கூடுதல் வகுப்பு எடுப்பது அங்கே பரவலான வழக்கம். எங்கள் கிராமத்தில் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு 500 ரியல். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4000 ரியல், அப்படியானால் நம் காசுக்கு ஐம்பது சென் போல. ஐம்பது சென்தானே என்று நமக்குத் தோன்றும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது தினமும் அரிசியோடு போட்டி போடும் காசு.

போன வருடம் தலைமையாசிரியர் என்னிடம், மாலை ஐந்து மணிக்கு இலவச வகுப்பு ஒன்று நடத்த முடியுமா என்று கேட்டார். ஊரில் நல்ல பெயர் வரும் என்றார். வரும்தான். தமிழ்ப்படக் கதாநாயகன் என்றால் அடுத்த காட்சியில் வகுப்பு நிரம்பியிருக்கும். ஆனால் அந்த வகுப்பில் உட்காரப்போகிற பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆசிரியையின் ஐந்நூறு ரியல். இருபது பேர் என்னிடம் வந்தால் அவர் வீட்டிலிருந்து தினமும் பத்தாயிரம் ரியல் போகும். என்னிடம் ஓய்வூதியம் இருக்கிறது, அவரிடம் இரண்டு குழந்தைகளும் ஒரு மோட்டார் சைக்கிள் தவணையும் இருக்கின்றன. நான் தர்மம் செய்வேன், அதன் செலவை அவர் கட்டுவார். பெயர் எனக்கு வரும்.

அதோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் சுலபம். அந்தக் கட்டண வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பையன் நிற்பான். மாடு ஓட்டிக்கொண்டு போகிற வழியில் நின்று கரும்பலகையைப் பார்ப்பான், போய்விடுவான். ஒன்பது வயது. குறை சம்பள முறையில்தான் இருக்கிறது, ஆசிரியையிடம் இல்லை, அரசாங்கம்தான் சரிசெய்ய வேண்டும் என்று நான் எவ்வளவு தெளிவாக விளக்கினாலும் அவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. முறை மாறும்வரை அவன் ஒன்பது வயதிலேயே இருக்க மாட்டான்.

அவனுக்காக நானே அந்தக் காசைக் கட்டிவிட்டால் என்ன என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னது இது: ஏற்கெனவே நான்கு பேர் காசு கொடுக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. நீங்கள் கட்டினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவன் 'தாத்தா வீட்டுப் பிள்ளை' ஆகிவிடுவான். அடுத்த வாரம் இன்னும் ஆறு பெற்றோர் உங்கள் வாசலில் நிற்பார்கள். நீங்கள் போன பிறகு என் வாசலில் நிற்பார்கள்.

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23ஆம் அதிகாரம். தேர்வுக்குப் படித்த காலத்தில் இரண்டையும் 'பிறருக்கு உதவுதல்' என்று ஒரே வரியில் முடித்திருப்போம். ஒன்றுதான் என்றால் வள்ளுவர் எதற்கு இருபது குறளைச் செலவழிக்க வேண்டும்? ஒப்புரவுக்கு அவர் காட்டும் பொருள்களைப் பாருங்கள்: ஊரார் தண்ணீர் எடுக்கும் ஊருணி, ஊர் நடுவில் பழுத்த மரம், எல்லாப் பாகமும் மருந்தாகும் மரம். மூன்றும் நின்ற இடத்திலேயே நிற்பவை. ஊருணி மூன்று மாதம் வந்து நிறைந்து, படம் எடுத்துக்கொண்டு, விமானம் ஏறுவதில்லை. தூர்ந்தால் ஊர்தான் இறங்கித் தூர்வார வேண்டும். ஊருக்கும் அதற்கும் உள்ள கணக்கு முடியவே முடியாது. ஈகை அப்படியல்ல. இருக்கிறவன் இல்லாதவனுக்குக் கொடுக்கிறான், கை நீளுகிறது, கை மடங்குகிறது, முடிந்தது. இது என் வாசிப்பு, தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். ஆனால் அந்த நான்கு பேரைச் சத்தமில்லாமல் உட்கார வைத்திருக்கிற ஆசிரியை செய்வது ஒப்புரவு. என்னால் ஆனமட்டும் செய்ய முடிவது ஈகை. இரண்டாவது முதலாவதை இடித்துத் தள்ளாமல் இருப்பதே பெரிய காரியம்.

நாமும் ஒரு காலத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்தான். 1958ல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் தொடங்கிய தொண்டூழிய அமைப்பு பதினெட்டு வயதுப் பிள்ளைகளை முதன்முதலில் அனுப்பிய இடங்களில் சரவாக்கும் ஒன்று. அப்போது அது பிரிட்டிஷ் காலனி. கென்னடி 1961ல் ஆரம்பித்த பீஸ் கோர் எனும் அமைதிப் படை அடுத்த வருடமே மலாயா வந்து, 1983 வரை இங்கே இருந்தது. எங்கள் இடைநிலைப்பள்ளியிலும் ஓர் அமெரிக்க இளைஞர் இரண்டு வருடம் கணிதம் கற்பித்தார். பழைய நண்பர்கள் கூடினால் இன்றும் அவரைப் பற்றித்தான் பேச்சு. அவர் ஜப்பான் சிலிப்பர் போட்டு நடந்தது, ரம்புத்தானைத் தோலோடு கடித்தது, "வை? வை?" என்று கேட்டே எங்களைப் படுத்தியது. அவருக்கு முன்னும் பின்னும் அதே வகுப்பில் இருபது வருடம் பாடம் நடத்திய உள்ளூர் ஆசிரியரைப் பற்றிக் கதை சொல்ல யாரிடமும் ஒன்றும் இருப்பதில்லை. நாங்கள் தேர்ச்சி பெற்றது அவரால்தான். நிறைய இருந்துவிட்டால் கதையாக மாட்டோம் போலிருக்கிறது.

1968ல் மெக்சிகோவில், கோடைக்காலத் தொண்டுக்குக் கிளம்பிய வட அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் இவான் இலிச் பேசினார். அவர்களைப் புகழ்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள், தயவுசெய்து உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற தொனியில் போட்டு வாங்கினார். பேச மொழி தெரியாத இடத்தில், அங்குள்ளவர்கள் 'நீ வேண்டாம்' என்று சொன்னால்கூட உனக்குப் புரியாது என்பது அவர் வாதத்தின் கூர்மையான இடம். அந்த இடம் எனக்கு வலிக்கிறது. கம்போடியர்கள் 'வேண்டாம்' என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எந்தச் சிரிப்பு எது என்று பிரித்தறிய எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. ஆனால் இலிச்சின் தீர்ப்பை முழுதாக என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அமெரிக்க இளைஞர் வராமல் இருந்திருந்தால் நான் கணக்குப் பக்கம் போயிருப்பேனா என்று தெரியாது.

வயதானவர்கள் போவது நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் 1966ல், 68 வயதில், அமைதிப் படையில் சேர்ந்து பம்பாய்க்கு அருகே விக்ரோலியில் தாதியாக வேலை செய்தவர். இளைஞருக்குத் தன் விவரக்குறிப்பில் ஒரு வரி வேண்டும், கிழவருக்கு அது வேண்டாம் என்பார்கள். சரிதான். ஆனால் எங்களுக்கு வேறொன்று வேண்டியிருக்கிறது, அதைத்தான் மேலே கூலி என்றேன்.

வயதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பள்ளிக் காவலாளி என் வயதுக்காரர். 1975ல் நான் ஈப்போவில் இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது, கெமர் ரூஜ் ஆட்சிக்கு வந்து பள்ளிகளை மூடியது. அடுத்த நாலு வருடத்தில் ஆசிரியர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், பிள்ளைகள் வயலுக்கும் அணைக்கட்டுக்கும் விரட்டப்பட்டார்கள். அவர் அணைக்கு மண் சுமந்தார். என்னைப் பின்வரிசையில் பார்க்கும்போது அவர் என்ன நினைப்பார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒருநாள் அவரே கேட்டார்: உங்க ஊர்ல பிள்ளைங்க இல்லையா? கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். எங்கள் தமிழ்ப்பள்ளிகளிலும் பின்னம் வராமல் அழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே போய் உட்கார்ந்தால் என்னை யாரும் 'லோக் தா' என்று கும்பிட மாட்டார்கள், 'சிகு ஏன் இன்னும் வீட்ல இருக்காம வராரு' என்பார்கள்.

மாலை இலவச வகுப்பு தொடங்கவில்லை. பதிலாக ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். காலை மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் மரத்தடியில் எண் அட்டைகளோடு நான் உட்காரலாம், வருகிறவர்கள் விளையாடலாம். வகுப்பு என்று யாரும் சொல்லக்கூடாது, பாடநூலைத் திறக்கக்கூடாது, பாடநூல் அவருடைய மாலைக்கு உரியது. மாட்டுக்காரப் பையன் வாரத்தில் இரண்டு நாள் வருகிறான். மற்ற மூன்று நாள் மாடு வேறு பக்கம் போகிறது.

போன மாதம் ஆசிரியை, இந்தத் தடவை எதுவரை இருப்பீர்கள் என்று கேட்டார். ஏப்ரல் புத்தாண்டு வரை என்றேன், அவர்களுக்கும் நமக்கும் அது ஏறக்குறைய ஒரே நாளில்தான் வருகிறது. அவர் குறிப்பேட்டைத் திறந்து, தசமம் தொடங்கும் பக்கத்திலிருந்து கோடு போட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டார். எண் அட்டைகளை யார் வைத்துக்கொள்வது என்று அடுத்துக் கேட்டார்.