பூட்டன் பிறந்த மண்



கோடைகாலம் வந்தால் அயர்லாந்தின் மேற்குக் கரையோரக் கிராமங்களில் அந்நியர் சிலரைக் காணலாம். அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வந்தவர்கள். கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். அதிலே ஒரு பெயர், ஓர் ஊர், ஓர் ஆண்டு. சேமக்காலையில் குனிந்து, பாசி படர்ந்த கற்களைத் தடவித் தடவிப் படிப்பார்கள். "என் பூட்டன் பிறந்த ஊர் இது" என்று சொல்லும்போது அவர்களுக்குக் கண் கலங்கும். ஊரவர் மரியாதையாகத் தலையசைப்பார்கள். பிறகு தம் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

இவர்கள் உறவினரா, உல்லாசப் பயணிகளா? நான்கு தலைமுறைக்கு முன் ஒருவர் விட்டுப்போன மண்ணின் மீது அவருடைய பூட்டப்பிள்ளைக்கு என்ன உரித்து உண்டு? இக்கேள்வி அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அதை அந்நாட்டிலேயே வைத்து ஆராய்வது நன்று. அங்கே அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முதிர்ந்துவிட்ட கேள்வி.

1841 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி அயர்லாந்துத் தீவில் ஏறத்தாழ 82 இலட்சம் மக்கள் இருந்தனர். 1845 இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுவே காலை உணவு, அதுவே இரவு உணவு. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேர் கப்பலேறினர். அதே காலத்தில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்று குடியரசிலும் வட அயர்லாந்திலும் உள்ளவர்களைக் கூட்டினாலும் 1841 இன் தொகை இன்னும் எட்டப்படவில்லை.

போனவர்கள் பெரும்பாலும் எழுதத் தெரியாதவர்கள். அவர்களைப் பேரப்பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எடுத்த குடிசன மதிப்பேடுகளில் மிகப் பெரும்பகுதி, 1922 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது டப்ளின் நகரின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்து சாம்பலாயிற்று. கத்தோலிக்கரின் பிறப்பை அரசு பதியத் தொடங்கியதோ 1864 இல்தான். அதற்கு முன் பிறந்த குடியானவனுக்கு இவ்வுலகில் எஞ்சியிருக்கும் சாட்சி பெரும்பாலும் ஒன்றே: கோவிற்பற்றின் ஞானஸ்நானப் புத்தகம். மழையில் நனைந்து வந்த ஒரு குருவானவர் இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ அவசரமாக எழுதிய ஒற்றை வரி. பிள்ளையின் பெயர், தாய் தந்தை, ஞானப்பெற்றோர், தேதி. அவ்வளவுதான். (கையெழுத்தைப் பற்றிக் கேளாதீர்கள்; குருமாரின் கையெழுத்து எந்த நாட்டிலும் ஒன்றுபோலத்தான்.) 2015 இல் அயர்லாந்தின் தேசிய நூலகம் இப்புத்தகங்களின் படங்களை உலகம் முழுவதும் இலவசமாகப் பார்க்கும்படி கணினியில் வெளியிட்டது. 1984 இல் அமெரிக்க ஜனாதிபதி றேகன் பாலிபொரீன் என்னும் சிற்றூருக்குப் போனாரே, அவரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது இத்தகைய ஒரு வரிதான். அவருடைய பூட்டன் 1829 இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்.

சரி, வரி கிடைத்துவிட்டது. வழி விசாரித்து ஊருக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று. அங்கே என்ன இருக்கிறது?

பெரும்பாலும் ஒரு புல்வெளி. மேயோ மாவட்டத்து மலைச்சரிவுகளில் மாலை வெயில் சாய்வாக விழும்போது, புல்லுக்கடியில் நீளநீளமான வரம்புகள் தெரியும். கிழங்கு நட்ட பாத்திகள் அவை. கொத்தியவர்கள் போய்விட்டார்கள், பாத்தி கலையவில்லை. அந்த நிலத்தில் இப்போது ஆடு மேய்கிறது. ஆடு வேறொருவருடையது.

அந்த வேறொருவரைப் பற்றியும் எண்ண வேண்டும். பஞ்சத்துக்குப் பின் சிறு காணிகள் மறைந்து பெரிய காணிகள் பெருகின. ஒருவர் போன இடம் அயலவருக்கு விரிவாயிற்று. அதனால் அயலவர் கள்வராகிவிடுவாரா? ஆகமாட்டார். நின்றவர் அந்தக் குளிரையும் வாடகையையும் தனிமையையும் தாங்கி நின்றார். கோவிலைக் கட்டினார், மொழியைக் காக்கப் பாடுபட்டார், சேமக்காலையில் புல் வெட்டினார். போனவரின் பூட்டப்பிள்ளை இரண்டு வாரம் வந்து நின்று "இது எங்கள் மண்" என்று சொல்லும்போது, நின்றவரின் பூட்டப்பிள்ளைக்கு உள்ளே ஏதோ உறுத்துவது இயல்பே. 2013 இல் அந்நாட்டு உல்லாசப் பயணத்துறை, உலகெங்கும் உள்ள ஐரிஷ் வழித்தோன்றல்களை வருமாறு அழைத்துப் பெருவிழா எடுத்தது. அது பணம் கறக்கும் வேலை என்று அந்நாட்டு நடிகர் கேபிரியல் பேர்ன் வெளிப்படையாகவே கண்டித்தார். ஒபாமாவின் முன்னோர் ஒருவர் பிறந்த மோனிகோல் ஊருக்கு அருகே, அவர் 2011 இல் வந்துபோனபின், பெருந்தெருவோரத்தில் அவர் பெயரால் ஓர் எரிபொருள் நிலையமே எழுந்தது! சிரிப்பதா, வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். விருந்தாளியை வாடிக்கையாளனாக மட்டும் பார்ப்பவரும், ஊரை நூதனசாலையாக மட்டும் பார்ப்பவரும் ஒரே தவறைத்தான் இரு பக்கமும் செய்கிறார்கள் என்பது நமது கருத்து.

ஆகவே நிலத்தில் உரித்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். துன்பத்தில் உண்டா? 1849 மார்ச் மாத இறுதியில், அதே மேயோவில், நிவாரணம் தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால் அதிகாரிகள் முன் வந்து நிற்குமாறு பட்டினிக்காரர் நூற்றுக்கணக்கானோருக்குக் கட்டளை பிறந்தது. லூயிஸ்பேர்க்கிலிருந்து டூலோ ஏரிக்கரை வழியே மலைகளுக்கூடாக நடந்தார்கள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பலர் விழுந்து மாண்டனர். இன்றும் ஆண்டுதோறும் அவ்வழியே மக்கள் நினைவு நடை போகின்றனர். அந்தப் பாதையில் நிற்கும் ஒருவர் அழுதால் அது போலிக் கண்ணீர் அன்று. ஆனால் தாம் படாத துன்பத்தைத் தம் பெருமைக்கு வைத்துக்கொள்வது வேறு கதை.

துன்பத்தை எடுத்துக்கொள்பவர் மற்றதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் அன்றோ? 1863 ஜூலையில் நியூயோர்க் நகரில், கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்துக் கலகம் எழுந்தது. கலகக்காரரில் பெருந்தொகையினர் பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் தொழிலாளரே. அவர்கள் கறுப்பின மக்களைத் தெருவில் அடித்துக் கொன்றனர்; கறுப்பினச் சிறுவரின் அநாதை இல்லத்துக்குத் தீ வைத்தனர். டூலோவில் விழுந்தவரும் நம் பூட்டன். நியூயோர்க்கில் தீவட்டி ஏந்தியவரும் நம் பூட்டன். இவரை வைத்துக்கொண்டு அவரை விட்டுவிட முடியாது. நாலாங் கற்பனை முன்னோரை மதிக்கச் சொல்கிறது. அவர்களைப் பற்றிப் பொய் சொல்லச் சொல்லவில்லை.

நமது திருச்சபையைப் பற்றியும் இங்கே சொல்லியே ஆகவேண்டும். பஞ்சகாலத்து ஏழையின் பெயரைக் காத்த அதே திருச்சபையின் இல்லங்களில், இருபதாம் நூற்றாண்டில், வேறு ஏழைகளின் பெயர்கள் மறைக்கப்பட்டன. மணமாகாத தாய்மாருக்கென, 1925 முதல் 1961 வரை, டுவாம் என்னும் ஊரில் கன்னியர் நடத்திய இல்லமொன்றில் 796 பிள்ளைகள் இறந்ததாக மரணப் பதிவுகள் உள. அடக்கம் செய்த பதிவோ இல்லை. கத்தரின் கோர்லஸ் என்னும் உள்ளூர் ஆய்வாளர் ஒவ்வொரு மரணச் சான்றிதழாகத் தேடி எடுத்த விபரம் 2014 இல் உலகறிந்தது. நிலத்தடி அறைகளில் எலும்புகள் இருப்பதை 2017 இல் அரசு விசாரணைக் குழு உறுதி செய்தது; 2025 இல் முறைப்படி தோண்டத் தொடங்கினர். இத்தகைய இல்லங்களிலிருந்து 2,000 க்கு மேற்பட்ட பிள்ளைகள் அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களும் இன்று அயர்லாந்துக்கு வருகின்றனர். அவர்கள் தேடுவது பூட்டனை அல்ல, பெற்ற தாயை. தம் பிறப்புச் சான்றிதழை முழுமையாகப் பார்க்கும் உரிமை சட்டப்படி அவர்களுக்குக் கிடைத்தது 2022 இல்தான். இதனைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சு கனக்கிறது. கனக்கத்தான் வேண்டும்.

அப்படியாயின் பேரப்பிள்ளைக்கு வந்து சேர்வது யாது? கடன் என்று சொல்லலாம். 1847 இல், தாமே தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அமெரிக்கப் பூர்வீகக் குடிகளான சொக்டோ மக்கள், தாம் கண்டிராத ஐரிஷ் பட்டினிக்காரருக்காக 170 டொலர் சேர்த்து அனுப்பினர். 2020 இல் கொரோனா நோய் நவாஹோ, ஹோப்பி என்னும் வேறிரு பூர்வீகக் குடிகளை வாட்டியபோது, அயர்லாந்திலிருந்து பல்லாயிரவர் பணம் அனுப்பினர். பலர் சொன்ன காரணம் 1847. கொடுத்தவர் வேறு, திருப்பிப் பெற்றவர் வேறு; கணக்குச் சரிவராதென்று வணிகர் சொல்லலாம். ஆனால் பாட்டன் பெற்ற நன்மையைப் பேரன் நினைவில் வைத்திருந்தான். நிலமோ பெருமையோ தராத உரித்து இதிலே தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. ஐரிஷ் மக்கள் தம் தந்தையென்று கொண்டாடும் புனித பத்திரிசியார் பிறப்பால் ஐரிஷ்காரர் அல்லர். பிரித்தானியாவில் பிறந்தவர். ஏறக்குறைய 16 வயதில் கடற்கொள்ளையர் பிடித்துவர, ஆறு ஆண்டுகள் அங்கே அடிமையாய் ஆடு மேய்த்தவர். தப்பியோடியவர், பின்னர் தாமாகவே திரும்பி வந்தார். அந்த மண்ணில் அவருக்கு ஒரு துளி இரத்த உறவும் இல்லை. அவருடைய பெயரால் யாழ்ப்பாணத்தில் நிற்கும் கல்லூரியில் படித்த தாத்தாமாரைக் கேட்டுப் பாருங்கள். 1936 முதல் 1954 வரை அங்கே அதிபராயிருந்த லோங் சுவாமியாரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் ஐரிஷ்காரர், நம் ஊரில் அவருக்குப் பூட்டனும் இல்லை, பூட்டப்பிள்ளையும் இல்லை. யாழ் பொது நூலகத்துக்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்த உங்கள் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், வீடு இருந்த வளவைக் காட்டுவீர்கள்; நல்லது. கோவிலுக்கும் கூட்டிச் செல்லுங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்கப் பங்குத் தந்தையிடம் அனுமதி கேளுங்கள். பூட்டனின் பெயருக்குப் பக்கத்தில் ஞானப்பெற்றோரின் பெயர்கள் இருக்கும். அவர்கள் யார், இப்போது அவர்களுடைய பிள்ளைகள் எங்கே என்று சிறுவர் கேட்கக்கூடும்.