ரிஜிஸ்டரில் இல்லாத கட்டம்

ஹாஸ்டல் கேட்டில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். பெயர், அறை எண், போகும் இடம், திரும்பிய நேரம், கையெழுத்து. ஓரகடத்துத் தொழிலாளர் விடுதியானாலும் பொறியியல் கல்லூரி விடுதியானாலும் கட்டங்கள் ஏறக்குறைய இவைதான். தண்ணீர்த் தொட்டியை என்றைக்குக் கழுவினோம் என்று வார்டன் கையெழுத்துப் போடும் கட்டத்தை மட்டும் தேட வேண்டும்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சானது. 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை, வதந்தி முந்திக்கொண்டது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது.

சாலையை மறிப்பது குற்றம்தான். ஆனால் விடுதியின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு, அந்த ஒழுங்கை வகுத்தவர் சோறுபோடத் தவறியபின்பும் கட்டுப்படும் கடமை உண்டா?

இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜரைப் பற்றி வைணவ மரபு சொல்லும் கதை இங்கே பொருந்தும். திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை, யாருக்கும் சொல்லாதே என்ற கட்டளையை மீறி, அவர் ஊரறியச் சொன்னார். அதற்கு நரகம் என்றால் தானே போவதாகவும் ஒப்புக்கொண்டார். மீறியவரே விளைவையும் சுமந்தார். விடுதிகளிலோ ஆலை, ஒப்பந்ததாரர், கட்டட உரிமையாளர், மெஸ் நடத்துபவர் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே போகிறது. விதி மட்டும் தங்கியிருப்பவளிடமே நிற்கிறது. கதையை ரொம்பவும் இழுக்க முடியாதுதான். இராமானுஜர் ஆச்சாரியர், ஒப்பந்தத் தொழிலாளி மீறினால் கட்டிலோடு வேலையும் போகலாம்.

கல்லூரியிலும் கட்டில் போகும். கோழிக்கோடு சேளன்னூர் ஸ்ரீநாராயணகுரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் 10 வரை கைப்பேசி கூடாது என்றார்கள். ஒரு மாணவி மறுத்தார், வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணையம் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மற்றவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பதையும் தீர்ப்பு விட்டுவிடவில்லை.

அதுவும் நியாயமே. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவளின் தலைமாட்டில் ஸ்பீக்கரில் பேசுவதை எந்த உரிமையும் காப்பாற்றாது. அந்த விதியை அறைத்தோழிகளே போட்டுக்கொள்வார்கள், மீறினால் முகத்துக்கு நேரே கேட்டும்விடுவார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் தொழிலாளர்களுக்காகக் கட்டிய 18,720 படுக்கை விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தனை பேர் உண்ணும் மெஸ்ஸின் குழுவில் எத்தனை தொழிலாளிகள், சமையற்கூடத்துக்குள் எட்டிப்பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட் எத்தனை மணிக்கு மூடும் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.