வைக்கோல் கொடுத்ததோடு கடமை முடிந்ததா?

வெள்ளத்தில் அகப்பட்டவனுக்குச் சோறும் துணியும் கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவனுடைய மாட்டுக்குத் தீனி கொடுப்பதும் ஸதகாவே என்பதை, தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியை ஹதீஸில் படித்தவர்கள் மறுக்க மாட்டார்கள். நம் கேள்வி அதற்கு அடுத்தது. அந்த மாடு மேய்ந்த நிலம் மீண்டும் பசுமையாகும் வரை நமது பொறுப்பு நீளுமா?

இங்கிலாந்தில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் தென்மேற்கே சாமர்செட் லெவல்ஸ் என்ற தாழ்நிலம் உண்டு. அங்கே புல்தான் பெரிய விளைச்சல். கோடையில் அறுத்து உலர்த்திக் கட்டிவைத்து, குளிர்காலத்தில் மாடுகளுக்குப் போடுவார்கள். 2013 டிசம்பரில் தொடங்கிய மழை 2014 பிப்ரவரி வரை ஓயவில்லை. சுமார் 6,900 ஹெக்டேர் விளைநிலம் மூழ்கியது. பல இடங்களில் ஒரு மாதத்திற்கு மேலும் நீர் வடியவில்லை. கால்நடைகளை லாரியேற்றி மேட்டுநிலங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிற பகுதி விவசாயிகள், முகம் பார்த்தறியாத இவர்களுக்காக, உலர்புல்லும் வைக்கோலும் இலவசமாக அனுப்பினார்கள். ஈமான் கொண்ட நாமும் பார்த்துக் கற்க வேண்டிய செயல்.

ஆயினும் உண்மையான துன்பம் நீர் வடிந்த பிறகே தெரியும். வாரக்கணக்கில் நீருக்குள் கிடந்த புல், வேருக்குக் காற்றின்றி அழுகிப்போகிறது. மண்புழுக்கள் மடிகின்றன. மண் காயுமுன் டிராக்டரை இறக்கினால் இறுகி இன்னும் கெடும். எனவே முதலில் ஆட்கள் நடந்தே சென்று, வெள்ளம் கொண்டுவந்த கம்பி, கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். ஒரு துண்டுக் கம்பி வயிற்றில் போனாலும் மாட்டின் உயிருக்கு ஆபத்து. பிறகு மண்ணைச் சோதித்து, செத்த இடங்களில் புதுவிதை தெளித்து, அது வேர்பிடிக்கும் வரை மாட்டை உள்ளே விடாமல் காக்க வேண்டும். நனைந்த பழைய புல்கட்டுகளோ தீனிக்கு உதவா. ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு! இதெல்லாம் மாதக்கணக்கான வேலை. அந்த மாதங்களில் பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் யாருக்கு முதலில் உதவுவது? ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அரசின் மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக்கியபோது இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவரை உள்ளே விடும்படியும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் மந்தைகளுக்கு முன்னிடம் தர வேண்டாமென்றும் பணித்தார்கள். செல்வருக்குத் தோட்டமும் பயிரும் இருக்கின்றன. மந்தை அழிந்த எளியவனோ பிள்ளைகளோடு தம் வாசலில் வந்து நிற்பான். அன்று பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இன்று நீரும் புல்லும் கொடுப்பது தமக்கு எளிது என்பது அவர்கள் கூறிய காரணம்.

இதைச் சிந்தித்துப் பாருங்கள். எளியவன் கையேந்தும் நிலைக்கு வராமல் காப்பது புல். ஆகவே புல்லை மீட்டுத் தராத உதவி பாதி உதவியே என்பது என் கருத்து.

“லாரி நிறைய அனுப்பியவரும் விவசாயிதானே, அவர்மேல் இன்னும் எவ்வளவு சுமத்துவீர்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் தம் பங்கைச் செய்துவிட்டார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. மிச்சம் இருப்பது ஃபர்ளு கிஃபாயாவைப் போன்ற பொதுப் பொறுப்பு. அவ்வாண்டு வெள்ளம் பாதித்த பண்ணைகளுக்கென்று பிரிட்டிஷ் அரசு 1 கோடி பவுன் நிதி ஒதுக்கியதை இந்த வகையில் சேர்க்கலாம்.

நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மாலிலும் இதற்கு வழியுண்டு. குத்தகை நிலத்தில் நாலைந்து மாடு வைத்திருப்பவனுக்கு விதைக்கும் கூலிக்கும் வட்டியில்லாத அழகிய கடன் கொடுக்கலாம். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். இங்கே அந்த வசதி, முதல் புல்லறுப்பு வீடு வந்து சேரும் நாள். தவணையை அதற்குமுன் குறிக்கலாகாது.