சிக்கனமும் உயிரும்

சிராங்கூன் சாலைப் பகுதியில் பழைய தையல் இயந்திரம் வாங்க வந்த தாய் ஒருவரை ஒருமுறை கண்டேன். அவர் விலையை முதலில் கேட்கவில்லை. சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்; உதிரி உறுப்புகள் கிடைக்குமா, பழுதானால் சரிசெய்வார் உண்டா என வினவினார்; அதன் பின்னரே விலை பேசினார். அவரிடம் பொருள் குறைவு, அறிவு குறைவன்று.

நாடும் இத்தாயின் நிலையை அடைவதுண்டு. 1965இல் தனிநாடாகிய சிங்கப்பூரை விட்டுத் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக 1968 சனவரியில் பிரிட்டன் அறிவித்தது. காலமோ குறுகியது; கையிருப்போ சிறிது. பிரான்சில் உருவாகி இஸ்ரேலியப் படையில் உழைத்த ஏ.எம்.எக்ஸ்.-13 என்னும் இலகு டாங்கிகள் 72ஐச் சிங்கப்பூர் வாங்கியது. 1969ஆம் ஆண்டுத் தேசிய தின அணிவகுப்பில் அவை பாடாங் திடலில் உருண்டு சென்றன.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. தையல் இயந்திரம் பழுதானால் நட்டம் வாங்கியவருக்கே. டாங்கி பழுதானால் உயிரிழப்பவர் அதை வாங்க முடிவு செய்தவர் அல்லர். உள்ளே அமர்ந்திருக்கும் இளைஞர். 1967 முதல் தேசிய சேவை நம் இளைஞர்க்குச் சட்டக் கடமை. நேற்று என் வகுப்பில் இலக்கணம் படித்தவன் நாளை அவ்விரும்புக் கூட்டினுள் அமர்வான். பிறர் மகனின் உயிரை வைத்துச் சிக்கனம் செய்ய நமக்கு உரிமை உண்டா?

எவ்விலை கொடுத்தேனும் புதியதையே வாங்குக என்பது எளிய விடை. அதுவும் முழு அறம் ஆகாது. படைக்கலத்துக்கு வீணே செலவாகும் ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரியது. அங்கும் உயிர்கள் உள்ளன அன்றோ! வள்ளுவரும் 'வலியறிதல்' அதிகாரத்தில் பகைவர் வலியோடு வரவு செலவின் அளவையும் சேர்த்தே பேசுகிறார்.

அவ்வாறாயின் எல்லை எது? எண்பதுகளில் அப்பழைய டாங்கிகளுக்கு டீசல் எஞ்சின் பொருத்தி உள்நாட்டிலேயே புதுப்பித்தனர். 2006இல் ஜெர்மனியிடமிருந்து, பயன்படுத்திய லெப்பர்ட் 2ஏ4 டாங்கிகள் 66ஐப் புதுப்பித்து வாங்க முடிவாயிற்று. உதிரியாக மேலும் 30 டாங்கிகளும் பயிற்சியும் அதனோடு சேர்ந்தன. தையல் இயந்திரம் வாங்கிய தாயின் கேள்விகளே இவை.

பழையதை வாங்குதல் குற்றமன்று; பேணாது விடுதலே குற்றம். விலையில் சிக்கனம் அறம். காப்பில் சிக்கனம் பழி. கையொப்பமிடுவோர், "இதனுள் என் மகனை அமர்த்துவேனா?" என ஒருமுறை தம்மையே வினவுதல் வேண்டும்.