நான்காவது வரி

விடிகிறது. ஜன்னலில் கம்பிவலை. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு காகம்.

மகள் தூங்குகிறாள். மூச்சை எண்ணுகிறேன். எண்ணுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

*

18 வயது நிறையாத பிள்ளை வார்டில் இருக்கும்வரை உடன் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்.

சட்டம் இல்லாவிட்டாலும் எங்கே போவேன்.

*

சிஸ்டர் வருகிறார். மாத்திரை. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள்.

மண்ணைத் தின்றுவிட்டு இப்படித்தான் காட்டுவாள், இரண்டு வயதில்.

*

ஒரு தாள். ஐந்தே வரிகள். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் 1998 முதல் புழங்குவது. கடந்த இரண்டு வாரங்களில் மனம் மகிழ்ந்திருந்ததா. அமைதியாக இருந்ததா. உடம்பில் தெம்பு இருந்ததா. தூங்கி எழுந்தபோது புத்துணர்வு இருந்ததா. பிடித்தமானவை நாளில் இருந்தனவா.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 25.

பென்சில் நிற்கிறது.

"ரெண்டு வாரம் தெரியலம்மா. இன்னிக்குக் காலைலன்னு கேட்டா சொல்லுவேன்."

*

நலம், நலமறிய ஆவல் என்றுதான் அப்பாவின் கடிதங்கள் தொடங்கும். காய்ச்சலில் கிடந்து எழுதியவையும்.

*

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு, தலைக்குத் தானே எண்ணெய் வைத்துக்கொள்ள முடிகிற நாள் நல்ல நாள். எதிர்க்கட்டில் பெண்ணுக்கு, பார்க்க வருகிறவர்கள் ஏன் என்று கேட்காத நாள்.

வீட்டுக்குப் போவதை இருவருமே சொல்லவில்லை.

நான் அதற்காகக் காத்திருந்தேன்.

*

மதியம். மின்விசிறியின் சத்தம் மட்டும்.

மாத்திரை தொடங்கியபின் எடை கூடியிருக்கிறது. சுடிதாரின் கை இறுக்குகிறது. முழங்கைக்கு மேல் சிவந்த தடம். அதை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறாள்.

"பயம் கொறஞ்சிருக்கு. ஆனா இது என் உடம்பு மாதிரி இல்ல. அதுக்கு இந்தத் தாள்ல வரி இல்லையே."

இல்லை.

*

சீப்பில் சிக்கு. மெல்ல எடுக்கிறேன். வலிக்கிறது என்கிறாள்.

வலிக்கிறது என்று அவள் சொல்லிப் பல நாள் ஆகிறது. கை அப்படியே நிற்கிறது.

*

வெயில் கட்டிலின் கால்வரை வந்து, திரும்புகிறது.

*

மாலை. தாள் மடியில் இருக்கிறது. நான்காவது வரிக்கு எதிரே 2 என்று எழுதுகிறாள்.

பக்கத்துக் கட்டிலில் ரப்பர் கேட்டு வாங்குகிறாள். அழிக்கிறாள். தூளை ஊதுகிறாள்.

3.

மற்ற நான்கு வரிகளும் காலியாக இருக்கின்றன.