கொடையா, கடனா?

"சமுதாயத்திற்குத் திருப்பிக் கொடுக்கின்றோம்" என்னும் வாசகத்தை இக்காலத்து நிறுவனங்கள் பலவும் கூறி வருகின்றன. பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல, இருபது முப்பது பேர் அமர்ந்து வேலை செய்யும் சிறு மென்பொருள் நிறுவனங்களும் கூறுகின்றன. கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் அதன் பொருளைச் சற்று நின்று நோக்குதல் நலம். திருப்பிக் கொடுத்தல் என்றால் முன்னரே வாங்கியிருத்தல் வேண்டும். வாங்காத ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது எங்ஙனம்? வாங்கியதைத் திருப்பித் தருவதற்குத் தமிழில் கடன் தீர்த்தல் என்று பெயர். கொடை என்பது வேறு. அங்ஙனமாயின் ஒரு நிறுவனம் ஊருக்குச் செய்வது கொடையா, கடனா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த கேள்வி.

அன்பர்களே, இது வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று எண்ணற்க. கொடை வாங்குவோன் தலை தாழ்கின்றது. கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவோன் நிமிர்ந்து நிற்கின்றான். கைமாறும் பொருள் ஒன்றேயாயினும் இருவர்க்கும் இடையே உள்ள உறவு தலைகீழாகிவிடுகின்றது. பல தலைமுறைகளாக எட்டி நின்று ஏந்தி வாங்கும்படி வைக்கப்பட்ட நம்மனோர்க்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

நாம் பஞ்சாலையில் சைடராக வேலை பார்த்த நாளில், ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டும் வித்தையை நமக்கு ஆலை நிர்வாகம் கற்பிக்கவில்லை. பக்கத்துப் பிரேமில் நின்ற மூத்தவர் கற்பித்தார். அவருக்கு அவர்க்கு முன்னிருந்தவர் கற்பித்தார். அவ்வித்தைக்கு ஒருவரும் விலை கேட்டதில்லை. ஆலையின் லாபமோ அவ்விலையில்லா வித்தையின்மீதே நின்றது. ஆண்டு விழாவன்று முதலாளி தொழிலாளர் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் இனிப்பும் வழங்குவார். தொழிலாளர் வரிசையில் நின்று கைகூப்பி வாங்குவர். அம்முதலாளி தீயவர் அல்லர், இன்முகத்தோடேதான் வழங்கினார். ஆயினும் அவ்விடத்தில் யார் யாருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் கேள்வியை எவரும் கேட்டதில்லை.

ஆலைக்குக் கைவித்தை எப்படியோ, மென்பொருள் தொழிலுக்கு நிரல் அப்படி. கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியே நிரல். அத்தொழிலிலும் விலையின்றிக் கைமாறி வந்த செல்வம் பெரிது. ஒரு சான்றைக் காண்போம்.

மும்பையில் 2008-ஆம் ஆண்டு ருஷப் மேத்தா என்பவர் தொடங்கிய நிறுவனம் ஃப்ராப்பே. அவர் கணினியியலைப் பட்டப் படிப்பாகக் கற்றவர் அல்லர். தொழிலகப் பொறியியல் பயின்றவர். குடும்பத்தார் நடத்திய மரச்சாமான் தொழிலுக்குக் கணக்கு, சரக்கிருப்பு, கொள்முதல் யாவற்றையும் ஒருங்கே நடத்தும் மென்பொருள் வேண்டியிருந்தது. அதனைத் தாமே எழுதக் கற்றுக்கொண்டார். அம்முயற்சியே இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்னும் மென்பொருளாக வளர்ந்தது. அதன் மூல நிரல் முழுவதையும் குனு பொது உரிமத்தின்கீழ் அந்நிறுவனம் உலகுக்குத் திறந்துவிட்டது. எவரும் அதனை விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், படித்துப் பார்க்கலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். தலையாய நிபந்தனை ஒன்று உண்டு. பிறர்க்கு வழங்குவோர், தாம் பெற்ற அதே உரிமையை அவர்க்கும் வழங்குதல் வேண்டும்.

இது பெருங்கொடை போலத் தோன்றுகின்றது. ஆனால் அந்நிறுவனம் எதன்மேல் நின்றது என்று பாருங்கள். அம்மென்பொருளின் பெரும்பகுதி பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியை நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்டார். கணக்குகளைச் சேமித்து வைக்கும் மரியாடிபி என்னும் தரவுக் களஞ்சியத்தைப் பின்லாந்து நாட்டவரான மைக்கேல் விடேனியஸ் 2009-இல் தொடங்கி, தம் இளைய மகளின் பெயரை அதற்கு இட்டார். இவை பெரும்பாலும் இயங்குவது லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின்மேல். லினஸ் டோர்வால்ட்ஸ் மாணவராக இருந்தபோது 1991-இல் தொடங்கிய அதனைப் பல நாட்டார் கைகள் வளர்த்தன. இவற்றுள் எதனையும் விலை கொடுத்துத்தான் பெற வேண்டும் என்னும் கட்டாயம் மும்பையில் இருந்தவர்க்கு இல்லை. பக்கத்துப் பிரேமில் நின்ற மூத்தவர் போல், முகமறியாத பலர் அவர்க்கு முன்னரே வழங்கிவிட்டனர். ஆகவே தாம் செய்ததை அப்பொதுக் களஞ்சியத்திலேயே இட்டது கடனைத் தீர்க்கும் செயலாகும். அது சிறுமையன்று, கொடை என்னும் பெயரைவிட உயர்ந்த பெயர் என்பதே நம் கருத்து.

அமுதசுரபியை அறியாதவர் நம் அன்பர்களில் இரார். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அது. நிரலும் அத்தகையதே. ஆயிரவர் படியெடுத்தாலும் முதற்படி குறைவதில்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அமுதசுரபி ஒருவர் கையில் இருந்தது. ஏனையோர் பெற்றது சோறு. கட்டற்ற மென்பொருளிலோ சோறு பெறுபவன் பாத்திரத்தையும் பெறுகின்றான். நாளை அவனும் பரிமாறலாம். நோட்டுப் புத்தகம் வாங்கும் வரிசைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அங்கே கொடுப்பவர் ஆண்டுதோறும் கொடுப்பவராகவே இருப்பார். வாங்குவோர் வாங்குவோராகவே இருப்பர். இங்கே இடம் மாறிக்கொள்ள வழியுண்டு.

இதனால் அந்நிறுவனத்திற்கு லாபம் இல்லையோ எனின், உண்டு. அம்மென்பொருளைத் தம் பொறுப்பில் இயக்கிக் கொடுத்தும், அதற்குத் துணைப்பணி செய்தும் அவர்கள் கட்டணம் பெறுகின்றனர். வெளியில் உள்ளோர் பிழைகளைக் கண்டு சொல்லுகின்றனர், திருத்தியும் அனுப்புகின்றனர். இது வணிகத் தந்திரமேயன்றி அறமன்று என்பார் சிலர். இதனைக் கொடை என்று கொண்டால் அவ்வாதம் குத்தும். கடன் என்று கொண்டால் குத்தாது. கடனை ஒழுங்காகத் தீர்ப்பவன் அதனால் நற்பெயர் பெற்று மேலும் வாணிகம் செய்வானாயின், அவன் கடன் தீரவில்லை என்று எவரும் சொல்லார். எண்ணமே வினை என்று நம் நெறி கூறுவது மெய்யே. ஆனால் அக்கோல் அவரவர் தம் உள்ளத்தை அளப்பதற்கு உரியது. பிறர் உள்ளத்தை நாம் காண முடியாது. அவர் கணக்கைக் காணலாம்.

கடனை மறந்தால் விளையும் கேட்டிற்கு 2014-ஆம் ஆண்டு சான்று பகரும். கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் பிறர் கண்ணிற் படாமல் இணையத்தின் வழியே செல்வதற்கு ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலை உலகின் பெருநிறுவனங்கள் பலவும் கையாண்டு வந்தன. அவ்வாண்டு ஏப்ரலில், 'ஹார்ட்பிளீட்' என்று பெயர் பெற்ற பெரும் ஓட்டையொன்று அதிற் காணப்பட்டது. அப்போதுதான் அதன் நிலையைப் பலர் அறிந்தனர். அதற்கு நன்கொடையாக வந்தது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமும் அதனைக் கவனித்தவர் ஒருவரே. கோடி கோடியாக ஈட்டியோர் யாவரும் அந்த ஒருவர் தோளின்மேல் நின்றிருந்தனர். அதன் பின்னரே நிறுவனங்கள் சில கூடி, லினக்ஸ் அறக்கட்டளை வாயிலாக ஒரு நிதியை ஏற்படுத்தின.

நம் நாட்டிலும் அவ்வுணர்வு தோன்றியுள்ளது. பெங்களூரில் 2010-இல் தொடங்கப்பட்ட ஜெரோதா என்னும் பங்குத் தரகு நிறுவனம், சிறியதொரு மென்பொருட் குழுவைக் கொண்டே தன் தொழிலை நடத்துவது. அந்நிறுவனம் 2024 அக்டோபரில், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியொன்றை அறிவித்தது. ஒரு திட்டத்திற்கு 10,000 டாலர் முதல் 1,00,000 டாலர் வரை வழங்குவது ஏற்பாடு. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஈட்டும் நிறுவனத்திற்கு இத்தொகை சிறிதே எனலாம். ஆயினும் தன் வளர்ச்சி பிறர் எழுதிய கட்டற்ற நிரலின்மேல் எழுந்தது என்று அது வெளிப்படையாகக் கூறியதை நாம் மதிக்கின்றோம். 'கொடுத்தோம்' என்று பறை சாற்றுவோர் பலர். 'வாங்கினோம்' என்று ஒப்புவோர் சிலர்.

இனி, கொடுத்ததைப் பின்னர் மீட்டுக்கொண்டால் என் செய்வது? அதுவும் நடந்ததே. 2012-இல் இருவரால் தொடங்கப்பட்ட ஹாஷிகார்ப் என்னும் அமெரிக்க நிறுவனம், டெர்ராஃபார்ம் என்னும் நிரலைக் கட்டற்றதாக வழங்கி வந்தது. பலர் அதனைக் கொண்டு தொழில் அமைத்தனர், திருத்தங்களும் அளித்தனர். 2023 ஆகஸ்டில் அந்நிறுவனம் உரிமத்தை மாற்றி, இனி வரும் படிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் முன்னர் வழங்கிய படியை மீட்க உரிமம் இடந்தரவில்லை. பயன்படுத்தியோர் அப்படியை எடுத்துக்கொண்டு ஓப்பன்டோஃபு என்னும் பெயரில் தாமே நடத்தலாயினர். அடுத்த மாதமே அது லினக்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் அமைந்தது.

சமுதாயம் எது, வெறுங்கூட்டம் எது என்பதற்கு இந்நிகழ்ச்சி உரைகல்லாகும். நிறுவனத்தைச் சுற்றி ஆயிரம் பேர் கூடி, அதன் பெயரைச் சொல்லி மகிழ்ந்தால் அது வாடிக்கையாளர் கூட்டம். நிறுவனம் நெறி பிறழ்ந்தால் பாத்திரத்தோடு வெளியேறித் தம் அடுப்பை மூட்டிக்கொள்ளும் உரிமை அவர்க்கு இருந்தால், அது சமுதாயம். அவ்வுரிமையை முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடும் நிறுவனமே சமுதாயத்தை உண்மையில் கட்டுகின்றது. தன்னை விட்டு நீங்க வல்லாரோடு வாழ்வதே சமத்துவ வாழ்வு.

எனினும் இதில் ஒரு குறையை நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை. குனு உரிமம் எவர் சாதியையும் கேட்பதில்லை. ஆனால் நிரலைப் படிக்கக் கணினி வேண்டும். ஓரளவு ஆங்கிலம் வேண்டும். வயிற்றுப்பாட்டிற்குப் பின் எஞ்சிய நேரம் வேண்டும். இவை இல்லாதவனுக்குத் திறந்த கதவும் சுவரே. ஆகவே நிரலைத் திறந்து வைத்தல் கடனின் ஒரு பாதி. அதனைக் கையாளக் கற்பித்தல் மறுபாதி. தமிழ்நாட்டில் எழுந்த ஜோஹோ, சிறு நிறுவனம் அன்று. அதன் நிரலும் பெரும்பாலும் திறந்ததன்று. ஆயினும் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரைப் பட்டம் கேளாமல் சேர்த்து, உதவித்தொகையும் தந்து பயிற்றும் பள்ளியை அது நடத்துகின்றது. அம்மறுபாதியின் அருமையை அறிந்த செயல் அது. பத்துப் பேர் கொண்ட நிறுவனத்தாலும் ஆண்டிற்கு ஓர் இளைஞனையேனும் பக்கத்தில் அமர்த்திக் கற்பிக்க இயலும். பஞ்சாலையில் எழுத்தறியாத மூத்தவர் செய்த வேலைதானே அது!

ஆகவே, நிறுவனம் நடத்துவோரும் சங்கம் நடத்துவோரும், பிறர்க்கு ஏதேனும் செய்யப் புகுமுன் கணக்கேட்டின் முதற் பக்கத்தில் தாம் பெற்றவற்றை எழுதுவாராக. கற்பித்தவர் யார், வழி விட்டவர் யார், கூலி பெறாமல் உழைத்தவர் யார் என்று பெயர் பெயராக எழுதுவாராக. அப்பக்கம் நிறைந்த பின்னர்க் கொடுக்கும் கை உயர்ந்து நில்லாது. வாங்கும் கையின் அளவிற்கு இறங்கி வரும். நாமும் நம் இரவுப் பள்ளிகளிலும் சங்கங்களிலும் ஒரு புத்தகத்தையோ ஒரு பாடத்தையோ இளையோர்க்கு அளிக்கும்போது, 'வாங்கிக்கொள்' என்னாது, 'இஃது உனக்கு உரியது' என்று கூறி அளிப்போமாக.