வியத்தகு மெய்ம்மையும் கேட்போர் கடனும்

உலகத்து நிகழ்ச்சிகளுட் சில, மெய்யேயாயினும், கேட்போர்க்குப் பொய்போலத் தோன்றும். அத்தகையவற்றைக் கேட்பார் மூவகைப்படுவர். தாம் முன்னறியாதது ஆகலின் அது நிகழ்ந்திலது என மறுப்பார் ஒருசாரார். வியப்பின் இனிமையால் ஆராயாதே உடன்பட்டுப் பிறர்க்கும் உரைத்து மகிழ்வார் மற்றொருசாரார். ஐயுற்று ஆராய்ந்து துணிவார் பிறிதொருசாரார். இவருள் மறுப்பாரே அறிவுடையர் என்பது பலர் கருத்து. அது பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

வானத்தினின்று கல் விழும் என்பது இக்காலத்துப் பள்ளிச் சிறாரும் அறிந்ததொன்று. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறுகோள்களின் சிதைவுகளே அவற்றுட் பெரும்பாலன. ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கற்றோர் பலர் இதனை நகையாடி ஒதுக்கினர். 1768-ஆம் ஆண்டு, பிரெஞ்சு நாட்டு லூசே என்னும் ஊர்ப்புறத்தே வயல்வேலை செய்துகொண்டிருந்தார் சிலர், இடிபோன்ற ஓசை கேட்டு நிமிர்ந்து நோக்கிக் கல்லொன்று வீழக் கண்டனர். அணுகியபோது அது தொடவொண்ணா வெப்பமுடையதாய் மண்ணிற் பாதி புதைந்து கிடந்தது. பாரிசு நகரத்து அறிவியற் கழகத்தின் பொருட்டு அக்கல்லை ஆராய்ந்த லவாய்சியரும் வேறிருவரும், அது வானினின்று வீழ்ந்ததன்று, நிலத்திற் கிடந்து இடியேறுண்ட கல்லே என முடிவு கூறினர். 1790-இல் அந்நாட்டுப் பார்போத்தான் என்னுமிடத்துக் கற்கள் பல வீழ்ந்தன. கண்டார் முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் சான்று பகர்ந்தும் கற்றோர் எள்ளினர். சைபீரியாவிற் கிடைத்த இரும்புத்திரள் வானினின்று வந்ததே என 1794-இல் நூலெழுதி நிறுவப் புகுந்த செர்மானியராகிய கிளாட்னியும் எள்ளலுக்குத் தப்பினாரல்லர்.

அற்றேல், அவர் மறுத்தது குற்றமாமாறு யாங்ஙனம்? நிலத்தில் அகப்பட்ட வழுவழுப்பான கற்கள் சிலவற்றை இடியோடு வீழ்ந்தனவென மக்கள் நெடுங்காலம் கூறிவந்தனர். அவை பண்டைமக்கள் தீட்டிய கற்கருவிகளே என 1723-இல் ஜூசியே என்பார் காட்டினார். ஒருகாற் பொய்த்த சொல்லைப் பின்னரும் ஐயுறுதல் முறையன்றோ எனின், ஐயுறுதல் முறையே. ஐயத்தையே துணிவாகக் கோடல் முறையன்று. மாலைப்போதிற் சேய்மைக்கண் நிற்பதனைக் குற்றியோ மகனோ என ஐயுற்றான் ஒருவன், அணுகிக் காணாமுன்னே குற்றியே எனத் துணிவானாயின், அது தெளிவெனப்படுமா? மேலும், இடிக்கல் என்றது கண்டெடுத்தார் கருதிக் கூறியது. லூசேயார் உரைத்ததோ வீழுங்காற் கண்ணாரக் கண்டது. கருதலிற் பிறந்த வழுவைக் காட்சியின்மேல் ஏற்றியதே ஆண்டு நிகழ்ந்த பிழை என்க. கல்லை ஆராய்ந்தது பாராட்டற்பாலதே. கண்டார் உரையைக் கொள்ளாது விட்டதற்கு, வானிற் கல் இருத்தல் இயலாது என்னும் முன்துணிபன்றிப் பிறிதொன்று காரணமாயிற்றில்லை.

மூன்றாஞ் சாரார் செய்தது வேறு. 1798-இல் காசியின் அருகே கற்கள் வீழ்ந்தன. அவற்றையும், இத்தாலியிலும் இங்கிலாந்திலும் வீழ்ந்தனவற்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர், அவற்றின் இரும்பில் நிக்கல் என்னும் உலோகம் கலந்திருத்தலை 1802-இல் வெளியிட்டார். 1803 ஏப்பிரல் 26-ஆம் நாள், பிரெஞ்சு நாட்டு லேகிள் என்னும் ஊரைச் சூழ ஏறத்தாழ 3000 கற்கள் வீழ்ந்தன. அரசினர் விடுப்பச் சென்ற பியோ என்பார், வீழ்ந்த கல் எதனையும் வீழுங்காற் கண்டவரல்லர். அவர் ஊர்தோறுஞ் சென்று, தொழிலானும் நிலையானும் வேறுபட்டாரைத் தனித்தனி வினவினார். அவர் உரை தம்முள் ஒத்தன. கற்கள் கிடந்த நிலப்பரப்பை வரையறுத்தார். அவைபோல்வன முன்னர் அவ்விடத்து இல்லாமையையும் தேர்ந்தார். கண்டார் உரையும், கல்லின் காட்சியும், இவற்றால் எழுந்த கருதலும் ஒருங்கு நின்றமையின், மறுத்தார் பலரும் உடன்பட்டனர்.

இனி, முதலிருசாரார் பிழையும் அறிவளவில் நிற்பதன்று; அறத்தையும் தீண்டுவதாம். கண்டதைக் கண்டவாறு கூறிய உழவனைப் பேதை என்றும் பொய்யன் என்றும் இகழ்தல் அவனுக்கு இழைத்த கொடுமையன்றோ? தன் அறிவின் எல்லையே உலகின் எல்லை எனக் கோடல் தன்முனைப்பின் விளைவு. உயிரறிவு சிற்றறிவு என நாள்தோறும் ஓதுவார், பிறன் வாயிற் புதுவதொன்று கேட்டவழி அதனை மறத்தல் தகாது. எளிதில் உடன்படுவாரும் குற்றத்தின் நீங்கார். என்னை? இடிக்கற் கதையை ஆராயாது பரப்பினோராலன்றோ, பின்வந்த மெய்ச்சான்றினர் சொல்லும் மதிப்பிழந்தது! பொய்யைப் பரப்புவான், தான் காணாத மெய்யன் ஒருவனது நாவையும் அடைக்கின்றான்.

ஆதலின், வியத்தகு செய்தி கேட்டார், கூறியவன் கண்டானோ கருதினானோ, பிறிது சான்று உண்டோ என வினவுதல் கடன். வினவ இயலாதவழி, ஆம் என்றலும் அன்று என்றலும் ஒழிந்து அமைதியாய் இருத்தல் இழுக்காகாது. அவ்வமைதி, மெய்யுரைத்தான் ஒருவனை இகழ்ந்த பழியினின்று அவரைக் காக்கும்.